புற்றுநோய் சிகிச்சையின்போது சக நோயாளிகளுடன் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிகிச்சைக்குப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்துவிடும். டாக்டருக்கு நோயைப் பற்றித் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரியும். ஆனால் கீமோ முடிந்த மூன்றாம் நாள் காலையில், பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அப்படி உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் பெரும்பாலும் உங்களுக்கு எதிர் வரிசையிலேயே இருப்பார்.

அவரோடு பேசலாமா? என்ன பேசுவது? அவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது? நாளைக்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்குவோமா? இப்படி யோசித்து யோசித்தே பலர் சிகிச்சை முழுவதையும் சுவரைப் பார்த்தபடி கழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் முதல் நாளே எல்லோரிடமும் எல்லாவற்றையும் விசாரித்து, தலை நிறையப் பயத்தோடு வீடு திரும்புகிறார்கள். நானும் சிகிச்சை எடுத்தவள். இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் பலரோடு தொடர்பில் இருப்பவள். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக நோயாளியிடம் "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேளுங்கள். "எனக்கு என்ன ஆகும்?" என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளும் இடம் மாறும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

படி 1: உங்களுக்கு என்ன தேவை என்று பாருங்கள்

எல்லோருக்கும் ஒரே தேவை இருப்பதில்லை. ஒருவருக்கு வாய்ப்புண்ணை எப்படிச் சமாளிப்பது என்ற விவரம் வேண்டும். இன்னொருவருக்குப் பக்கத்தில் பேச்சுத்துணை இருந்தால் போதும். வேறொருவருக்கு வீட்டில் அழ முடியாத அழுகையை எங்கேயாவது அழுது தீர்க்க வேண்டும். யாரையும் பார்க்கவே வேண்டாம், சிகிச்சையை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதிலும் தவறே இல்லை. பேசாமல் இருப்பவர் மனம் உடைந்தவர் என்று அர்த்தம் கிடையாது.

உங்கள் மனவேதனை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். புற்றுநோய் மருத்துவத்தில் இதற்கென்றே 0 முதல் 10 வரையிலான ஓர் அளவுகோல் இருக்கிறது. வேதனையே இல்லை என்றால் 0, தாங்கவே முடியவில்லை என்றால் 10. கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் எண் அப்படி வந்தால், சக நோயாளிகளைத் தேடுவதற்கு முன் டாக்டரிடமோ நர்ஸிடமோ அதைச் சொல்லிவிடுங்கள். தூக்கமே இல்லாத இரவுகளையும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தையும் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் ஏற்றக் கூடாது. அவரும் நோயாளிதான். அவரால் அதைச் சுமக்க முடியாது, உங்களுக்கும் வேண்டிய உதவி கிடைக்காது.

படி 2: எங்கே சந்திக்கலாம்

தானாகவே நட்பு அமையும் இடம் ரேடியேஷன் காத்திருப்பு அறை. பெரும்பாலானோருக்கு ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்களுக்கு நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள் என்பதால், தினமும் அதே முகங்கள்தான் அதே பெஞ்சில் இருக்கும். மெஷினுக்குள் இருப்பது சில நிமிடங்கள், வெளியே காத்திருப்பதோ அதைவிட அதிகம். இரண்டாவது வாரத்தில் யாருக்கு எந்த இடத்தில் தோல் சிவந்திருக்கிறது என்பதுவரை தெரிந்துவிடும்.

கீமோ டே கேர், அதாவது மருந்தை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பும் பிரிவு, வேறு மாதிரி. பல மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் அடுத்த சைக்கிளில், அதாவது அடுத்த சுற்று கீமோவுக்கு வரும்போது, அவரையே பார்ப்பீர்கள் என்பது நிச்சயமில்லை. உங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றால் அவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இருக்கலாம். ரத்த கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறவில்லை என்று ஒருவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலே வரிசை மாறிவிடும். அதனால் பிடித்துப்போனவர் என்றால் அன்றைக்கே கேட்டு போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுப்பவர்களையும், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொள்பவர்களையும் தனி அறையில் வைப்பார்கள். அவர்களுக்குப் போன்தான் வழி. தனிமை மிகவும் உறுத்துவதும் அவர்களுக்குத்தான். உள்ளே போவதற்கு முன்பே, ஏற்கெனவே அப்படி இருந்து வந்த ஒருவரின் நம்பர் கையில் இருப்பது நல்லது.

இவை தற்செயலான சந்திப்புகள். ஏற்பாடு செய்யும் சந்திப்புகளும் உண்டு, அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. 1952-இல் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், அதன் பிறகு வீட்டுக்குப் போனால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்ல ஆளே இல்லாததைப் பார்த்து, அதே சிகிச்சை செய்துகொண்ட பெண்களைத் தானே போய்ப் பார்க்கத் தொடங்கினார். கையை எப்படிப் பழக்குவது, எந்த உடை தோதாக இருக்கும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்தத் திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 'ரீச் டு ரெக்கவரி' என்ற அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. குரல்வளையை அகற்றியவர்களுக்கும், மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் பை வைத்துக்கொண்டவர்களுக்கும் இதே போன்ற சங்கங்கள் இருக்கின்றன. இந்த இரண்டு சிகிச்சைகளிலும், நல்லபடியாக வாழும் ஒருவரை நேரில் பார்ப்பதைப் போல் தைரியம் தருவது வேறில்லை என்பது என் கருத்து. குரல்வளை போன பிறகும் ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுவிட்டால், அதற்கு மேல் யாரும் ஆறுதல் சொல்லத் தேவையில்லை.

இடமும் முக்கியம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேகி கெஸ்விக் ஜென்க்ஸ், தன் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று கேட்ட பிறகு ஜன்னலில்லாத ஒரு நடைபாதையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. நோயாளிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நிம்மதியாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்று அவர் திட்டம் போட்டார். 1995-இல் அவர் இறந்துபோக, 1996-இல் எடின்பரோவில் முதல் மேகி மையம் திறந்தது. உங்கள் மருத்துவமனையில் அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் டாக்டர் அறை வாசலில் பேசாமல், ஜன்னலோ மரநிழலோ இருக்கும் பக்கம் நகர்ந்து போய்ப் பேசிப் பாருங்கள், பேச்சே மாறும்.

யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் நர்ஸ், கவுன்சலர், மருத்துவ சமூகப் பணியாளர் என்று இவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். "குழு ஏதாவது இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "என் வயதை ஒட்டிய, இதே ஆபரேஷன் செய்துகொண்டு சிகிச்சையை முடித்த யாராவது என்னோடு பேசச் சம்மதிப்பார்களா?" என்று கேளுங்கள். இன்னொரு நோயாளியின் நம்பரை அவர் அனுமதி இல்லாமல் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதனால் உங்கள் நம்பரைக் கொடுத்து, அவருக்கு விருப்பம் இருந்தால் கூப்பிடட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: உடம்பு இடம் கொடுக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

பல கீமோ மருந்துகளுக்குப் பிறகு ரத்த வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் மிகவும் இறங்கியிருக்கும். கிருமித்தொற்றுக்கு அதிக வாய்ப்புள்ள நாட்கள் அவை. ஆள் நிறைந்த கூட்டங்களை அப்போது தள்ளிப்போடுங்கள். மூன்று வார சைக்கிளில் இருப்பவர்களுக்கு அடுத்த கீமோவுக்கு முந்தைய சில நாட்கள்தான் பொதுவாகத் தெம்பான நாட்கள். உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் கவனமாக இருக்க வேண்டியவை என்று நர்ஸிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். சந்திக்கப்போகிறவரின் நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நல்ல நாள், அவருக்கு ஆபத்தான நாளாக இருக்கலாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் சந்திப்பெல்லாம் அப்புறம். உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருமல், சளி, அம்மை, அக்கி என்று எது இருந்தாலும் நோயாளிகள் பக்கமே போகாதீர்கள். மாஸ்க், கைகழுவுதல், ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவர் குடிக்காமல் இருப்பது, அடுத்தவர் கட்டிலில் உட்காராமல் இருப்பது, இதெல்லாம் பழக்கமாகிவிட வேண்டும்.

பயப்படத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் பக்கத்தில் உட்காருவதால் ஒட்டிக்கொள்ளாது. வெளியிலிருந்து மெஷின் மூலம் ரேடியேஷன் எடுப்பவர் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வராது, அவரைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். கதிரியக்க அயோடின் எடுத்தவர் மட்டும் டாக்டர் சொல்லும் நாட்கள்வரை தள்ளி இருக்க வேண்டும், அதிலும் கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும்.

பலர் கவனிக்காத ஒன்று: கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சிலருக்கு ஒரு துள்ளலைக் கொடுக்கும். பேச்சு பொங்கி வரும், தூக்கம் வராது. இரண்டு மூன்று நாளில் அது இறங்கும்போது மனசும் சேர்ந்தே இறங்கும். அதனால் கீமோ அன்று கலகலவென்று பேசியவர் நான்காம் நாள் போனை எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதேபோல அலர்ஜி வராமல் இருக்கக் கொடுக்கும் சில மருந்துகள் நன்றாகத் தூங்கவைத்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டார் என்றால் உங்கள் பேச்சு பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

படி 4: முதல் பேச்சு

"இது உங்களுக்கு எத்தனாவது கீமோ?" இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒற்றை எண்ணில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், நீட்டிப் பேசவும் செய்யலாம். முடிவு அவர் கையில் இருக்கிறது. "ஊசி போட இன்றைக்கு ரத்தக்குழாய் கிடைத்ததா?", "இந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" போன்றவையும் நல்ல கேள்விகள். கண்ணை மூடியிருப்பவர், காதில் இயர்போன் மாட்டியிருப்பவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர், ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர் ஆகியோரை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் அவரே பேச வரலாம்.

கேட்கவே கூடாத முதல் கேள்வி, "எந்த ஸ்டேஜ்?"

இதைவிடவும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குத் தன் நோயின் பெயரே தெரியாமல் இருக்கலாம். "சின்னக் கட்டி, மருந்து ஏற்றினால் சரியாகிவிடும்" என்று வீட்டார் சொல்லி அழைத்து வந்திருப்பார்கள். வயதானவர்கள் விஷயத்தில் இது நிறைய நடக்கிறது. அப்படி மறைப்பது சரியா என்று கேட்டால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த உண்மையைச் சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நாம் கிடையாது. அதனால் கேன்சர் என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர் "கட்டி" என்றால் நீங்களும் "கட்டி" என்றே பேசுங்கள்.

உங்களை யாராவது குடைந்தால்? அதற்கும் ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். "அதைப் பற்றி இன்னைக்குப் பேசத் தெம்பில்லைக்கா, வேற ஏதாவது பேசலாமா?" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் பிறகும் விடவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லி இடம் மாற்றிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

படி 5: 'எப்படி' என்று கேளுங்கள்

தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு முகத்தின் அச்சில் ஒரு வலை முகமூடி செய்வார்கள். வெதுவெதுப்பான நீரில் இளக்கிய வலையை முகத்தில் படியவைத்து இறுகவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் அதை மாட்டித் தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலை அசையாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. மூடிய இடம் என்றாலே பயப்படுபவர்களுக்கு அது பெரிய சோதனை. அப்படிப் பயந்து வாசலிலேயே நின்ற ஒரு பெரியவரிடம், அதே சிகிச்சையில் பாதி தூரம் வந்திருந்த ஓர் இளைஞர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். "ஐயா, மாஸ்க் போடுறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்குங்க. மூடினதுக்கு அப்புறம் திறக்காதீங்க. மெஷின் சத்தம் வந்து நிக்கும், திரும்ப வரும், அதை மட்டும் எண்ணிக்கிட்டே இருங்க. முடியலைன்னா கையைத் தூக்குங்க, கேமராவில பார்த்துக்கிட்டே இருப்பாங்க, உடனே நிறுத்திடுவாங்க." டெக்னீஷியனும் இதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் தினமும் அதற்குள் படுத்து எழுந்து வருபவர் சொன்ன பிறகுதான் அந்தப் பெரியவர் உள்ளே போனார்.

சக நோயாளியிடம் கிடைக்கும் செல்வம் இதுதான். முதல் நாள் என்ன உடை போட்டால் போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சின்னக் கருவி) ஊசி போடத் தோதாக இருக்கும், முடி கொட்டத் தொடங்கும் முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் மனசு தாங்குமா, குழந்தையிடம் எப்படிச் சொன்னீர்கள், ஆபீஸில் எந்த அளவுக்குச் சொன்னீர்கள், தையல் இருக்கும் பக்கம் தலையணை வைத்து எப்படிப் படுத்தீர்கள், ரிப்போர்ட் வரும் முந்தைய இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று கேளுங்கள். கணவன் மனைவி நெருக்கம் பற்றியும் கேட்கலாம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி அது. நம்பிக்கையானவர் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

படி 6: கேட்டதைச் சரிபாருங்கள்

நல்ல மனதோடு சொன்ன நல்ல யோசனையும் உங்களுக்குக் கெடுதலாக முடியலாம். இதற்கு ஐஸ்கட்டியை விடத் தெளிவான உதாரணம் இல்லை. ஃபுளூரோயூராசில் என்ற மருந்தை ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது, ஐஸ்கட்டியை வாயில் வைத்துச் சப்பினால் வாய்ப்புண் குறையும். ஆராய்ச்சியில் நிரூபித்த விஷயம்தான், பல இடங்களில் நர்ஸே ஐஸ் கொடுப்பார்கள். இதனால் பலன் அடைந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் "ஐஸ் போட்டுக்கோங்க அண்ணா, புண்ணே வராது" என்பார். ஆனால் அந்த அண்ணனுக்கு ஏறுவது ஆக்சாலிபிளாட்டினாக இருந்தால்? அந்த மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே விரல் மரத்துப்போகும், குளிர்ந்ததை விழுங்கினால் தொண்டை அடைப்பது போல இருக்கும். மூச்சே நின்றுவிடுமோ என்று பதறிவிடுவார்கள். இருவருக்கும் குடல் புற்றுநோய், இருவரும் ஒரே அறை, ஒரே டாக்டர். ஆனாலும் ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு ஆகவில்லை.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட யோசனையை எழுதும்போது, சொன்னவருக்கு எந்த மருந்து என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த தடவை நர்ஸிடமோ மருந்தாளரிடமோ அந்தப் பக்கத்தைக் காட்டி "எனக்கு இது ஆகுமா?" என்று கேளுங்கள். தலையணை வைப்பது, உடை, பேச்சு போன்ற வெளி விஷயங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. வாய்க்குள் போவது, தோலில் பூசுவது, மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவது, இந்த மூன்றையும் கேட்காமல் செய்யாதீர்கள். மூலிகை என்றாலும் சத்து மாத்திரை என்றாலும் கேட்க வேண்டும், ஏனென்றால் சில மூலிகைகளும் சத்து மாத்திரைகளும் கீமோ மருந்து உடம்பில் வேலை செய்யும் விதத்தையே மாற்றிவிடும். "கீமோவை நிறுத்திவிட்டு இதை எடுத்தேன், குணமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அதற்கு மரியாதைக்குறைவு என்று யாராவது பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

படி 7: ஒப்பிடும் பழக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள்

ஒரே பெயர் கொண்ட நோய் ஒரே நோயாக இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் என்று இருவர் சொன்னாலும், ஒருவருடைய கட்டி ஹார்மோனைச் சார்ந்து வளர்வதாக இருக்கும், இன்னொருவருடையதில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும், மூன்றாமவருக்கு இரண்டுமே இருக்காது. மூவருக்கும் மருந்து வேறு, காலம் வேறு, போகும் பாதை வேறு. "அவருக்கு நாலு கீமோதான், எனக்கு மட்டும் ஏன் எட்டு?" என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும். டாக்டரிடம் அதைக் காட்டியே விளக்கம் கேளுங்கள்.

காத்திருப்பு அறையில் அடிக்கடி கேட்கும் பயம் இன்னொன்று உண்டு. "எல்லோருக்கும் முடி கொட்டுகிறது, எனக்குக் கொட்டவில்லை. மருந்து வேலை செய்யவில்லையோ?" முடி கொட்டுவதும் வாந்தி வருவதும் எந்த மருந்து, எவ்வளவு அளவு, யாருடைய உடம்பு என்பதைப் பொறுத்தவை. கொட்டவைக்கும் மருந்துகளில்கூடப் பொதுவாக இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கும். சில மருந்துகளில் முடி கொட்டுவதே இல்லை. கஷ்டம் குறைவாக இருப்பதை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஸ்கேனும் பரிசோதனையும்தான் அதைச் சொல்லும்.

ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்று சதவீதக் கணக்கை யாராவது எடுத்தாலும் இதை நினைவில் வையுங்கள். அந்தக் கணக்கு சில ஆண்டுகளுக்கு முன்பு சிகிச்சை எடுத்த பெருங்கூட்டத்தின் கணக்கு. அதில் தனி ஒருவரின் பெயர் இருக்காது.

படி 8: குழுவைத் தேர்ந்தெடுத்தல்

குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடுமா என்று கேட்பார்கள். 1989-இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், உடம்பில் பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், குழுவாகக் கூடிப் பேசியவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாக வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. 2001-இல் கனடாவில் இதைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஸ்பீகலே மறுபடி செய்தபோதும் மொத்தத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் கனடா ஆய்வில் மனவேதனை குறைந்தது, வலியின் உணர்வு குறைந்தது, அதுவும் தொடக்கத்தில் அதிகம் வேதனைப்பட்டவர்களுக்கு. குழுவுக்குப் போக இந்தக் காரணமே போதுமானது. ஆயுளுக்காக என்று பிடிக்காத குழுவில் யாரும் கட்டாயமாக உட்கார வேண்டாம்.

நல்ல குழுவில் பேச்சை நடத்திச் செல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். ஒருவரே பேசிக்கொண்டிருக்க விடமாட்டார். புதிதாக வருபவர் வாயே திறக்காமல் கேட்டுவிட்டுப் போகலாம். அங்கே பேசியது வெளியே போகாது. எதையாவது விற்கும் குழு, டாக்டரை மாற்றச் சொல்லும் குழு, அழுதால் அடக்கும் குழு இவற்றிலிருந்து வந்துவிடுங்கள். நோய் பரவிய நிலையில் இருப்பவர்களுக்கும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் தனித்தனிக் குழு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இருவரின் கவலைகளும் வேறு. ஒன்றாக உட்காரும்போது ஒரு பக்கம் பயமும் மறுபக்கம் மௌனமும் வந்துவிடும். இரண்டு தடவை போயும் வீடு திரும்பும்போது மனசு கனமாகவே இருந்தால் அந்தக் குழு உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழு என்றால் இரவில் ஒலியை அணைத்து வையுங்கள். நள்ளிரவில் வரும் ஒரு கெட்ட செய்தி மொத்தத் தூக்கத்தையும் கொண்டுபோய்விடும். உங்கள் ரிப்போர்ட்டுகளைப் பெயரோடு அங்கே போடாதீர்கள். மற்றவருடையதை வேறு எங்கும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

படி 9: உடன் வருபவர்கள்

அவர்களுக்கும் ஆள் வேண்டும். நோயாளிகள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் கணவர்களும் மகள்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: அங்கே கேட்ட கதைகளை அப்படியே நோயாளியிடம் வந்து கொட்டாதீர்கள்.

படி 10: கெட்ட செய்தி வரும்போது

இதற்குப் பயந்துதான் பலர் பழகவே மறுக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பழகினால் இழப்பும் நேரலாம்.

முதலில், வழக்கமாக வருபவர் வரவில்லை என்றதும் மோசமானதை நினைக்காதீர்கள். கவுண்ட் குறைந்து தள்ளிப்போயிருக்கலாம், மாத்திரைக்கு மாறியிருக்கலாம், வேறு நேரம் வாங்கியிருக்கலாம், சிகிச்சை முடிந்தே போயிருக்கலாம். நர்ஸைக் கேட்டால் சொல்ல மாட்டார், அது அவர் கடமை. நம்பர் இருந்தால் "நினைத்துக்கொண்டேன், பதில் போட வேண்டியதில்லை" என்று ஒரு வரி அனுப்பலாம். பதில் போட வேண்டியதில்லை என்பதைக் கட்டாயம் சேருங்கள். முடியாமல் படுத்திருப்பவருக்கு அது பெரிய விடுதலை.

உங்கள் ரிப்போர்ட் நன்றாக வந்து அவருடையது மோசமாக வந்தால் என்ன செய்வது? உங்களுடையதை மறைக்க வேண்டாம், முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். அவர் கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவருடையதைக் கேட்டதும் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். அது நமக்குத் தெரியாது, தெரியாது என்பது அவருக்கும் தெரியும். "தைரியமா இருங்க, மனசு வச்சா ஜெயிக்கலாம்" என்ற பேச்சு இன்னும் மோசம். நோய் முற்றியதற்கு அவர் மனசு வைக்காததுதான் காரணம் என்ற பழி அதற்குள் ஒளிந்திருக்கிறது. தைரியம் குறைந்ததால் யாருக்கும் கட்டி வளர்வதில்லை. "கேட்கவே கஷ்டமா இருக்கு. இப்ப நான் பக்கத்துல இருக்கட்டுமா, இல்ல கொஞ்ச நேரம் தனியா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் இரண்டு விதமான வேதனை வரும். ஒன்று துக்கம். இன்னொன்று, "அவர் போய்விட்டார், நான் ஏன் இருக்கிறேன்?" என்ற குற்ற உணர்வு. இது நிறையப் பேருக்கு வரும், வெளியே சொல்லத்தான் கூச்சப்படுவார்கள். கூடவே "அடுத்தது நானா?" என்ற பயமும் வரும். அன்றைக்கே டாக்டரையோ கவுன்சலரையோ பார்த்து, உங்கள் நிலை என்ன என்று மறுபடி ஒரு தடவை கேட்டுத் தெளிவு பெறுங்கள். அவருடைய நோயும் உங்களுடையதும் எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களால் சொல்ல முடியும். அஞ்சலிக்குப் போவதா என்பது உங்கள் உடம்பையும் அன்றைய கவுண்டையும் பொறுத்தது. போக முடியாவிட்டால், அவர் உங்களுக்குச் செய்த உதவி ஒன்றை அந்தக் குடும்பத்துக்குக் கடிதமாக எழுதுங்கள். காத்திருப்பு அறையில் தங்கள் அம்மா எப்படி இருந்தார், யாருக்கு என்ன செய்தார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

படி 11: சிகிச்சை முடிந்த பிறகு

சிலர் கடைசி நாளோடு மருத்துவமனை நட்புகளை விட்டுவிட விரும்புவார்கள். விடலாம். குற்ற உணர்வு தேவையில்லை. சிலருக்கு அதற்குப் பிறகுதான் ஆள் அதிகம் தேவைப்படும். வாராவாரம் யாராவது கவனித்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோகும், வீட்டார் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாவார்கள், உங்களுக்கோ ஒவ்வொரு தலைவலிக்கும் நெஞ்சு படபடக்கும். சோதனைக்குப் போகும் வாரத்தில் பழைய ரேடியேஷன் பெஞ்சு நண்பர் ஒருவரோடு பேசுவது அப்போது மிகவும் உதவும்.

புதிதாக வருபவர்களுக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் உடனே இறங்காதீர்கள். பல அமைப்புகள் சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட காலம் ஆன பிறகே, பயிற்சி கொடுத்துத்தான் தன்னார்வலர்களாகச் சேர்க்கின்றன. உங்கள் காயமே ஆறாத நேரத்தில் இன்னொருவரின் பயத்தைக் கேட்பது இருவருக்கும் நல்லதல்ல. உங்கள் கதையைச் சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வராத காலம் வரட்டும். அப்புறம் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, எந்த ஆண்டு முடிந்தது, எந்த நேரத்தில் பேச வசதிப்படும், எதைப் பற்றி மட்டும் பேச விருப்பமில்லை என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, உங்கள் நம்பரோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.